குளிப்பாட்டும் அறையின் சாவி

மையித்துக்கு, உயிர் போன உடம்புக்கு, என்ன வெட்கம் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்கிறவர்கள் எல்லாரும் ஆம்பிளைகள். அவர்கள் மவுத்தானால் குளிப்பாட்டுவதற்குப் பெரிய பள்ளிவாசலின் பின்பக்கம் நாலு சுவரும் கூரையும் தண்ணீர்க் குழாயும் இருக்கின்றன. பொம்பிளையின் மையித்தை அவளவள் வீட்டில்தான் குளிப்பாட்ட வேண்டும். அது நல்ல வழக்கம்தான், வீடு வீடாக இருந்தால்.

எங்கள் குடியிருப்பு புத்தளத்தில், எத்தாளைக்கு இந்தப் பக்கம், கடலுக்கும் வெங்காயத் தோட்டங்களுக்கும் நடுவில் கிடக்கிறது. தொண்ணூறில் புலிகள் வெளியேற்றி, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்கள் குடிசை போட்ட இடம். நான் அப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. குடிசை கல்வீடானது, ஆனால் ஒரு அறையும் ஒரு குசினியும்தான். உள்ளே மையித்தை வைத்தால் குளிப்பாட்டுகிறவள் குனிய இடமில்லை. அதனால் பொதுக் கிணற்றடியில் நாலு கம்பு நட்டு, சுற்றிச் சேலை கட்டி, அதற்குள்ளே குளிப்பாட்டி வந்தோம். சோளகக் காற்று இல்லாத மாதங்களில் பிரச்சினை இல்லை. சோளகம் அடிக்கிற மாதங்களில் மவுத்தாகாமல் இருக்க யாராலும் முடியாதே.

அப்படி ஒரு சோளகத்தில் எங்கள் வரிசையில் ஒரு இளம் தாய் காய்ச்சலில் மவுத்தானாள். மூன்று பிள்ளைகள். நானும் தலைவியும் வேறு இரண்டு பேரும் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம். மையித்தைத் தூக்கிப்போகும் சந்தூக்கோடு ஆம்பிளைகள் றோட்டில் நின்றார்கள். ஒரே வீச்சில் காற்று கம்பைப் பிடுங்கி, சேலையைச் சுருட்டிக்கொண்டு போய் வேலியில் போட்டது. சில பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சில பேர் திருப்பவில்லை. மையித்தின் மேல் துணி கிடந்தது, ஆனால் நனைந்த துணி எதை மறைக்கும்? அவளுடைய தங்கச்சி ஓடி வந்து ராத்தாவின் மேல் குப்புற விழுந்து, இரண்டு கையையும் விரித்து மூடிக்கொண்டாள். அவளை இழுத்து எடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அவள் மேல் என் மேல்துண்டைப் போட்டேன். அப்படியே காற்று தணியும் வரை நின்றோம்.

அடக்கம் முடிந்து வந்தபிறகு தலைவி சொன்னா, "இனி ஒரு பொம்பிளையையும் நான் வெளியில வச்சுக் குளிப்பாட்ட மாட்டன். சுவர் வேணும்."

தலைவி என்றால் எங்கள் மாதர் சங்கத்தின் தலைவி. இந்த ஊரிலேயே பிறந்தவ, மன்னார்க்காரி இல்லை. என் கூடப்பிறந்த நானாவைக் கலியாணம் முடித்தபடியால் எனக்கு மச்சி. சங்கத்தில் நாங்கள் ஒரு கைவிரல்களில் அடங்கிவிடுகிற அளவுதான். பிரதேச செயலகத்தில் பதிந்த சங்கம். மையித்துக் குளிப்பாட்டுவோம், உடுத்தி அடக்கக் கபன் துணி தைப்போம், புருஷனை இழந்து இத்தாவில் இருக்கிறவர்களுக்கு வேண்டியதைக் கொண்டுபோய்க் கொடுப்போம். சோறாக்க அரிசி அளக்கும்போது ஒவ்வொருத்தியும் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்பாள். வியாழக்கிழமை அதைச் சேர்த்து, கஷ்டப்படுகிற வீட்டின் குசினிக் கதவில், பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லுகிற நேரத்தில் கொழுவிவிட்டு வருவோம். பாங்கு நேரத்தில் எல்லாரும் உள்ளே இருப்பார்கள், யாரும் பார்க்க மாட்டார்கள். யார் வைத்தது என்று வாங்குகிறவளுக்கும் தெரியக்கூடாது. இந்தச் சட்டத்தைச் சங்கத்துக்குப் போட்டவள் நான். கொடுத்த ஸதகாவை, தர்மத்தை, வெளியில் சொன்னால் அதன் நன்மை கரைந்துவிடும் என்று சின்ன வயதில் ஓதிக்கொடுத்ததை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். மையித்தைக் குளிப்பாட்டுகிறவள் கண்டதை வெளியில் கதைக்கக்கூடாது என்பது மார்க்கம். அதே வாயை அரிசிக்கும் நான் பூட்டிவைத்தேன்.

ஊர்ச் சங்கங்கள் பொதுவேலை செய்வதற்கென்று வருஷா வருஷம் அரசாங்கக் காசு வரும். ஒரு கிராமத்துக்கு ஒரு திட்டம். அந்தக் காசில் பொம்பிளைகளின் மையித்தைக் குளிப்பாட்ட ஒரு அறை கட்டித் தாருங்கள் என்று எழுதிக்கொடுத்தோம். மறுமொழி வராதபடியால் நானும் மச்சியும் பஸ் ஏறிச் செயலகத்துக்குப் போனோம்.

அங்கே இருந்த அபிவிருத்தி உத்தியோகத்தர் எங்கள் ஆள்தான், புத்தளம் டவுன் பிள்ளை. கதிரை காட்டினார். மரியாதையான பிள்ளை. அதனால்தான் எனக்குக் கூடுதலாகக் கோபம் வந்தது.

"சங்கம் பதிஞ்சிருக்கு, சரி. என்ன வேலை செஞ்சிருக்கீங்க?"

மச்சி சொன்னா. எல்லாவற்றையும் சொன்னா.

"எத்தின பேருக்கு?"

"எண்ணுறதில்ல சேர்."

"படம் இரிக்கா?"

"என்ன படம்?"

"செஞ்ச வேலைக்குப் படம் ராத்தா. குடுக்கக்குள்ள எடுத்த படம். ஆக்கள் நிக்கணும், சங்கத்திட பேர் தெரியணும்."

"மையித்துக்கா?" என்று நான் கேட்டேன்.

"நான் மையித்தச் சொன்னனா? சாமான் குடுக்கிறீங்கதானே, அதச் சொன்னன்."

"இத்தாவில இருக்கிறவ வெளியாம்பிளைட கண்ணில படாம இருக்கிறா. அவவ வாசல்ல நிக்க வச்சுப் படம் எடுக்கச் சொல்றீங்களா தம்பி? ஒங்கட உம்மாவ எடுப்பீங்களா?"

அவருடைய முகம் சுருங்கிப்போனது. "இந்தச் சட்டத்த எழுதினது என்ட வாப்பா இல்ல. ஆதாரம் இல்லாத சங்கத்துக்குக் காசு குடுத்தா நாளைக்கு என்னத்தான் கேப்பாங்க. இந்தாங்க, பாருங்க. இப்பிடி இரிக்கணும்."

அலுமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து விரித்தார். எங்கள் ஊர்ப் பெரிய சங்கத்தின் கோப்பு. அவர்கள் ஊர் வாசலில் ஒரு வரவேற்பு வளைவு கட்டக் கேட்டிருந்தார்கள். உள்ளே பக்கம் பக்கமாகப் படம். பெரிய துணிப் பதாகை, அதற்கு முன்னால் சங்கத் தலைவர் ஹாஜியார், கையில் ஒரு பை. பையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு ஏழை. ஆள் மாறுகிறது, பை மாறுகிறது, ஹாஜியார் மாறவில்லை. ஒரு படத்தில் எங்கள் வரிசைக் கடைசி வீட்டு விதவை நின்றாள். கமராவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஹாஜியார் கெட்ட மனிசன் என்று எழுத நான் வரவில்லை. வெள்ளம் வந்தபோது அவருடைய லொறிதான் எங்கள் சனத்தை ஏற்றியது. அதை மறைத்தால் எனக்கு அல்லாஹ் கேட்பான். ஆனால் ஊர் என்றால் தானும் தன்னுடைய சங்கமும்தான் என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். அந்த நம்பிக்கைதான் பொல்லாதது.

பஸ் நுரைச்சோலை தாண்டியதும் மச்சி வெடித்தா.

"ஒன்ட கதையக் கேட்டுத்தான் இவ்வளவும். மறை, மறை எண்டு சொல்லிச் சொல்லி, இப்ப நாங்களே மறைஞ்சு போனம்."

"படம் எடுத்திருக்கணுமா?"

"படம் வேணாம். ஒரு கடிதம். எங்களுக்கு இந்தச் சங்கம் ஒதவி செஞ்சது எண்டு நாலு பேர் எழுதித் தந்தாப் போதும். அந்தத் தம்பியும் அதத்தானே கடைசியாச் சொன்னார்."

"அவங்களுக்கே தெரியாது, எப்பிடி எழுதித் தருவாங்க?"

"போய்ச் சொல்லுவம்."

"சொல்லக்கூடாது எண்டுதானே வச்சது?"

"அப்ப அடுத்த மையித்தையும் காத்துக்குக் குடு," என்றா மச்சி. பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த நாள் பின்னேரம் அஸருக்குப் பிறகு அந்த விதவையின் வீட்டுக்குப் போனோம். எனக்கு விருப்பமில்லை, ஆனால் போனேன். அவள் முற்றத்தில் இருந்து வெங்காயம் கட்டிக்கொண்டிருந்தாள். கூலிக்குக் கட்டுகிற வெங்காயம். எழும்பவில்லை. மச்சி சுற்றி வளைத்துக் கதையைத் தொடங்கி, கடிதம் ஒன்று வேண்டும் என்றா.

"என்னத்துக்குக் கடிதம்?"

"குசினிக் கதவில அரிசி கொழுவிக் கிடக்கிறது இல்லையா, அதுக்கு."

"அதுக்கு நான் குடுத்திட்டனே. பெரிய சங்கத்து ஆள் வந்து, வாசலுக்கு அரிசி வருதா எண்டு கேட்டார். வருது எண்டன். ஹாஜியார் அனுப்புறதுதான் அது எண்டார். ஒப்பம் வச்சுக் குடுத்தன். படத்துக்கும் வரச் சொன்னார், போனன்."

மச்சி அவளுக்கு முன்னால் குந்தினா.

"அது ஹாஜியார் இல்ல புள்ள. நாங்க."

அவள் சிரித்தாள். இவ்வளவு கசப்பான சிரிப்பை நான் மவுத்து வீட்டில்கூடக் கேட்டதில்லை. "நீங்களா? மொதல்ல ஒங்கட வீட்டு ஓட்ட மாத்துங்க. மழைக்கு ஒழுகுது எண்டு ஊரே கதைக்குது."

"அல்லாவுக்காகச் சொல்றன், நாங்கதான்."

"அல்லாவ ஏன் இழுக்கிறீங்க? ஹாஜியார்ட நன்மையிலயும் பங்கு கேட்டு வந்திட்டீங்க. அறை கட்டக் காசு வாங்கணும், அதுக்கு என்ட வறுமை வேணும். அவங்களுக்கும் அதுதான் வேணும், ஒங்களுக்கும் அதுதான் வேணும். அவங்களாவது அரிசி தாறாங்க." வெங்காயக் கட்டை எங்கள் காலடியில் போட்டாள். "எழும்பிப் போங்க."

நான் நினைத்தால் அங்கேயே நிரூபித்திருக்கலாம். போன வியாழன் அரிசி கட்டிப் போனது நான் தலைக்குப் போட்ட பழைய தட்டத் துணி. அதன் ஓரத்தில் நான் போட்ட தையல் இருக்கிறது. அவளே அந்தத் துணியைத் தோய்த்துக் கொடியில் போட்டிருந்தாள், கண் முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. மச்சியும் அதைக் கண்டா. வாயைத் திறக்கப் போனவவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நிரூபித்துவிட்டால் அந்தப் பொம்பிளை நாளையிலிருந்து என்னை றோட்டில் கண்டால் தலையைக் குனிய வேண்டும். ஹாஜியாருக்கு முன்னால் குனிந்தது போதாதா?

"ஒனக்கு விசர்," என்றா மச்சி. இத்தனை வருஷத்தில் அவ என்னை அப்படி ஏசியதில்லை.

பிறகு பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். செயலகத்திலிருந்து பெரிய மேடம் வந்திருந்தா, சிங்களப் பொம்பிளை. பக்கத்தில் அந்த உத்தியோகத்தர் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆம்பிளைகள் முன்னுக்கு, நாங்கள் பின்னுக்கு. வளைவு கட்ட இந்தக் காசைத் தர முடியாது, சனத்துக்குப் பிரயோசனமான வேலைதான் செய்யலாம் என்று மேடம் சொன்னா. மச்சி என் தொடையில் கிள்ளினா. மையித்துக் குளிப்பாட்டும் அறை நல்ல திட்டம், அதையே எடுத்திருக்கிறோம் என்றும் சொன்னா. நான் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி முடிக்கவில்லை, அடுத்த வசனம் வந்தது.

"ஆனா மாதர் சங்கத்துக்கு வேலை செஞ்ச ஆதாரம் இல்ல. அதனால பெரிய சங்கத்துக்கு ஊடாத்தான் செய்யலாம். ஒங்கட திட்டம், அவங்கட சங்கம். மாதர் சங்கம் ஆட்சேபணை இல்ல எண்டு எழுதித் தரணும்."

நான் எழும்பினேன். எழும்ப வேண்டும் என்று நினைத்து எழும்பவில்லை, கால் தானாக எழும்பியது.

"குளிப்பாட்டுறது நாங்க. அறை எங்களுக்கு வேணும் எண்டு கேட்டது நாங்க. காசு மட்டும் ஏன் அவங்களுக்கு?"

முன்வரிசையில் ஒருவர் திரும்பாமலே சொன்னார், "மன்னார்க் காசு வேணுமெண்டா மன்னாருக்குப் போய்க் கேக்கச் சொல்லுங்க."

சிரித்தார்கள். எல்லாரும் இல்லை, ஆனால் சிரித்தவர்களை யாரும் தடுக்கவில்லை.

"எங்கட வாப்பாட கபுறு இந்த ஊர் மையவாடியிலதான் இரிக்கு," என்றேன். "என்ட புள்ளைகள் பொறந்தது இங்க. எங்கள எண்ணித்தான் இந்தக் கிராமத்துக்குக் காசு வருது. தலைய எண்ணக்குள்ள நாங்க ஊர்க்காரர், காசப் பிரிக்கக்குள்ள மன்னார்க்காரரா?"

மேடம் என்ன கதைக்கிறாங்க என்று சிங்களத்தில் கேட்டா. உத்தியோகத்தர் சின்னதாக ஒரு வசனம் சொன்னார். நான் அவ்வளவு கதைத்ததற்கு அவ்வளவு சின்ன வசனம் எப்படிப் போதும் என்று எனக்கு விளங்கவில்லை.

ஹாஜியார் எழும்பினார். சத்தம் போடவில்லை, அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை.

"ராத்தா, பேர் வேணாம், பொகழ் வேணாம் எண்டு ஊரில பயான் பண்ணுறது நீங்கதானே? நாங்க படம் எடுக்கிறதுக்கும் குறை சொன்னீங்க. இப்ப சுவர் வருது. யார்ட பேரில வந்தா என்ன? மையித்துக்குச் சுவர்தானே தேவை?"

இந்தத் தடவை எல்லாரும் சிரித்தார்கள். பின்னுக்கு இருந்த பொம்பிளைகளும் சிரித்தார்கள். நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

எனக்கு நல்ல பதில் எப்போதும் வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதுதான் வரும். என்னுடைய பிடி அரிசி என்னுடையது, அதை நான் மறைத்துக் கொடுக்கலாம். அரசாங்கக் காசு யாருடைய ஸதகாவும் இல்லை. அது சனத்தின் ஹக், உரிமை. ஸதகாவை மறைக்க வேண்டும், ஹக்கைப் பகிரங்கமாகக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினது ஹாஜியார் மட்டுமில்லை, நானும்தான். அந்த மண்டபத்தில் இதைச் சொல்லியிருந்தால்! இரவுச் சாப்பாட்டில் என் புருஷனிடம் சொன்னேன். "சரிதான்," என்றார். "கறிக்கு உப்புக் காணாது," என்றும் சொன்னார்.

சங்கம் கூடியது எங்கள் வீட்டில். ஒப்பம் வைக்கக்கூடாது என்று நான் நின்றேன். அடுத்த வருஷம் நாமே ஆதாரம் சேர்ப்போம், நாமே கேட்போம் என்றேன். மச்சி பொறுமையாகக் கேட்டா. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"வாற சோளகத்தில ஒரு பொம்பிளை மவுத்தாப் போனா, ஒன்ட ஹக்கக் கொண்டா மறைப்ப?"

அந்த இளம் தாயின் தங்கச்சி விழுந்து கிடந்தது எல்லாருடைய கண்ணிலும் வந்திருக்க வேண்டும். மச்சி ஒப்பம் வைத்தா, மற்றவர்களும் வைத்தார்கள். நான் வைக்கவில்லை, ஆனால் பேப்பரைப் பிடுங்கவும் இல்லை.

அறை எழும்பியது. பொய் சொல்லக்கூடாது, நல்ல அறை. தரைக்கு மாபிள், உயரத்தில் யன்னல், தண்ணீர் ஓடிப் போகச் சரிவு. வாசலுக்கு மேல் கறுப்புக் கல்லில் பெரிய சங்கத்தின் பெயர், அதற்குக் கீழே ஹாஜியாருடைய வாப்பாவின் ஞாபகமாக என்று எழுத்து. அரசாங்கக் காசு என்று கீழே ஒரு மூலையில் இருந்தது, கண்ணாடி போட்டால் வாசிக்கலாம். மாதர் சங்கம் என்று எங்கும் இல்லை. கதவுக்கு ஒரு பெரிய ஆமைப்பூட்டு. சாவி ஹாஜியார் வீட்டில். குழாய் களவு போகும் என்றார்கள்.

முதலில் ஒன்றிரண்டு மையித்துகளுக்குக் கேட்டவுடன் சாவி வந்தது. பிறகு போய்க் காத்து நிற்க வேண்டியிருந்தது. அறைக்குள்ளே பெரிய சங்கத்தின் பிளாஸ்டிக் கதிரைகளும் அந்தத் துணிப் பதாகைகளும் வந்து சேர்ந்தன. மையித்து வெளியே இருக்க, கதிரைகளை வெளியேற்றுவது எங்கள் வேலையானது. மச்சி ஒன்றும் சொல்லாமல் தூக்குவா. நானும் ஒன்றும் சொல்லாமல் தூக்குவேன். சொல்லாமல் இருந்ததில்தான் நிறையச் சொன்னேன், அது அவவுக்கு விளங்கியது. எங்களுக்கிடையில் கதை நின்றுபோன காலம் அது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில், மச்சியின் ஒற்றை அறை வீட்டில் இருந்த அவவின் உம்மா மவுத்தானா. ஜும்ஆவுக்குப் பிறகு தொழுவித்து அடக்குவதாக முடிவு. நான்தான் சாவிக்குப் போனேன். ஹாஜியாரின் வீட்டுக்காரி படலை வரை வந்து நின்றா.

"அவர் வண்ணாத்திவில்லுவுக்குக் காணி பாக்கப் போயிருக்கார். சாவி அவர்ட்ட."

"அவருக்கு ஒரு போன் கோல் எடுங்களன் ராத்தா."

"எடுத்தன், எடுக்கிறார் இல்ல."

"வேற சாவி?"

அவ கண்ணைத் தாழ்த்தினா. இருக்கிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. "அவர் இல்லாம யாருக்கும் குடுக்க வேணாம் எண்டு சொல்லியிருக்கார். கதிரை எல்லாம் உள்ளுக்கு இரிக்கு. என்ன ஏசுவார். நீங்க கிணத்தடியில பாருங்களன், முந்தி அங்கதானே பாத்தீங்க?"

திரும்பி வந்தபோது சந்தூக்கில் கொண்டுவந்த மையித்தை அறையின் சுவர் ஓரத்தில் நிழலில் வைத்திருந்தார்கள். மேலே போட்டிருந்த பச்சைத் துணியின் நாலு மூலையிலும் கல் வைத்திருந்தார்கள். கல்லையும் மீறித் துணி உப்பி உப்பி எழுந்தது. மச்சி பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றா. நான் தலையை ஆட்டினேன். அவ பூட்டைப் பார்த்தா, உம்மாவைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா. ஒப்பம் வைத்த கை அது. நான் அதைச் சொல்லிக் காட்டுவேன் என்று எதிர்பார்த்தா போல.

நான் வீட்டுக்குப் போய் இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"பிஸ்மில்லாஹ்," என்று நெம்பினேன். முதல் நெம்பில் பூட்டு வளைந்தது. ஹாஜியாரின் மருமகன் எங்கிருந்தோ ஓடி வந்தார். "ஏய்! அரசாங்கச் சொத்து! அரசாங்கச் சொத்த ஒடைக்கிறா!" என்று கத்தினார்.

"ஓம் வாப்பா, அரசாங்கச் சொத்துதான்," என்றேன். "அத நீங்க இப்பதான் சொல்றீங்க. கல்லில வேற மாதிரி எழுதியிருந்திச்சு."

இரண்டாவது நெம்பில் கொளுக்கி கழன்று விழுந்தது. கதிரைகளைத் தூக்கித் தூக்கி வெளியில் போட்டோம். அடுக்கவில்லை, போட்டோம். குவியலாகக் கிடந்தன. மருமகன் கைபேசியைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார். எடுக்கட்டும் என்று விட்டேன். பிறகு கதவைச் சாத்தி, மச்சி தன்னுடைய உம்மாவைத் தன் கையால் குளிப்பாட்டினா. நான் தண்ணீர் வார்த்தேன். கற்பூரம் கரைத்த தண்ணீர். உள்ளே ஒரு இலைகூட அசையாத அமைதி. அன்றைக்கு நாங்கள் அவசரப்படாமல் குளிப்பாட்டினோம். அவவுடைய மறைவுக்கு ஒரு குறையும் வரவில்லை. அதற்கு மட்டும் நான் மறுமையில், மஹ்ஷரில் சாட்சி சொல்லுவேன், வேறெதற்கும் சொல்லச் சொன்னால் யோசிப்பேன்.

முறைப்பாடு போனது. செயலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதே உத்தியோகத்தர். கைபேசிப் படத்தைக் காட்டினார். அலவாங்கோடு நான், பின்னால் மச்சி, தலைக்கு மேலே கறுப்புக் கல். "ராத்தா, இது நீங்கதானே?"

"ஓம் தம்பி. ஒங்களுக்கு எங்கட சங்கத்து வேலைக்குப் படம் வேணும் எண்டீங்களே. கோப்பில வையுங்க."

அவர் சிரிக்கவில்லை. மச்சிதான் பேசினா. மவுத்து நடந்தபிறகு அவ இவ்வளவு தெளிவாகப் பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன். "ஒடச்சது இவ மட்டும் இல்ல சேர். சங்கம். பொதுக் காசில கட்டின அறைக்குச் சாவி ஒரு வீட்டில இரிக்க ஏலுமா எண்டு எங்களுக்கு எழுத்தில மறுமொழி தாங்க. ஏலும் எண்டு எழுதித் தந்தா ஒடச்சதுக்குக் குத்தத்த ஒத்துக்கொள்றம்." அதையே மனுவாகவும் எழுதிக்கொண்டு வந்திருந்தா. அதில் நானும் ஒப்பம் வைத்தேன்.

எழுத்தில் மறுமொழி இன்னும் வரவில்லை. வேறு மறுமொழிகள் வந்தன. பெரிய சங்கத்து வீடுகளில் கலியாணத்துக்கு எங்களுக்குச் சொல்வதில்லை. என் புருஷனுக்கு ஹாஜியாரின் கடையில் கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பூட்டு உடைச்சவள் என்று ஒரு பட்டமும் கிடைத்தது, பிள்ளைகள் மதரஸாவில் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். அந்த விதவை மட்டும் ஒரு நாள் என் வேலியடியில் நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. வியாழக்கிழமை அரிசி போகிறது.

போன கிழமை ஹாஜியார் ஆள் அனுப்பினார். பள்ளிவாசல் ஜமாஅத்துக்கு முன்னால் நான் மன்னிப்புக் கேட்டால் முறைப்பாட்டை வாபஸ் வாங்கி, மாதர் சங்கத்துக்கு ஒரு சாவி வெட்டித் தருவாராம். மச்சி எனக்கு விட்டுவிட்டா. "நீதான் சொல்லணும்," என்றா.

வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். குடித்து முடிக்கும் வரை பொறுத்தேன்.

"ஹாஜியாருக்கு என்ட ஸலாத்தச் சொல்லுங்க," என்றேன். "அல்லாவிட்ட நான் ஒவ்வொரு தொழுகையிலயும் மன்னிப்புக் கேக்கிறன். பூட்டுக்குக் கேக்க மாட்டன். சாவியும் வேணாம். கதவு தொறந்துதான் கெடக்கு. அவங்கட வீட்டுப் பொம்பிளைக்கும் அதே கதவுதான், வந்து எங்களக் கூப்பிடச் சொல்லுங்க. புதுப் பூட்டு மட்டும் கொண்டு வர வேணாம் எண்டு சொல்லுங்க."